வேதத்தை விற்று உண்ணாதவர்

திருக்குர்ஆன் ஓதப்படும் ஒவ்வொரு வீட்டிலும் மூஸா (அலை) அவர்களின் பெயர் அடிக்கடி ஒலிக்கிறது. அவர்களுக்கு அருளப்பட்ட தவ்ராத் வேதத்தைப் பற்றியும், அதைப் பெற்ற இஸ்ராயீலின் மக்களைப் பற்றியும் நாம் நிறையவே ஓதுகிறோம். ஆனால் அம்மக்கள் தங்கள் வேதத்தை எவ்வாறு எழுதிக் காக்கிறார்கள், நாளொன்றுக்கு எத்தனை வேளை தொழுகிறார்கள், எத்திசை நோக்கி நிற்கிறார்கள், அவர்களுடைய வீட்டு வாசலில் என்ன இருக்கிறது என்று கேட்டால் நம்மில் பலர் விடை சொல்ல முடியாமல் நிற்போம்.

இவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்தி எழுதி வைத்த ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொன்னால், அம்மக்களின் அன்றாட வழிபாடும் தானே விளங்கிவிடும். அவர் வாழ்ந்ததும் முஸ்லிம்களின் நாடுகளில்தான். அவருடைய நூல்களில் பெரும்பாலானவை அரபு மொழியில் எழுதப்பட்டவை. அவர் கைபிடித்து நாடி பார்த்தவர்களில் சுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபியின் அமைச்சரும் மகனும் உண்டு. அரபு நூல்களில் அவர் பெயர் அபூ இம்ரான் மூஸா இப்னு மைமூன் அல்குர்துபி. யூதர்கள் அவரை ரம்பம் என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். ஐரோப்பியர் வழங்கிய பெயர் மைமோனிடிஸ்.

குர்துபாவின் பிள்ளை

அந்தலுஸ் எனப்பட்ட ஸ்பெயின் நாட்டின் குர்துபா நகரில் இவர் பிறந்தார். பழைய நூல்கள் பிறந்த ஆண்டை 1135 என்று குறிப்பிடுகின்றன. ஆனால் அவரே தம் நூலொன்றின் இறுதியில் எழுதி வைத்த வயதைக் கொண்டு கணக்கிட்டால் 1138 என்று வருகிறது. இன்று ஆய்வாளர் பலரும் இதையே ஏற்கின்றனர். தந்தை மைமூன் குர்துபா யூதர்களின் நீதிபதி. வேதக் கல்வி அவருடைய வீட்டில் தலைமுறை தலைமுறையாக வந்த சொத்து. மூத்த மகனாகிய மூஸா தந்தையிடமே பாடம் ஓதினார்.

யூதர்களின் கல்வி முறையை இங்கே சற்று விளக்குவது நல்லது. அவர்களுடைய வேதத் தொகுப்பில் 24 நூல்கள் உள்ளன. அவற்றுள் தலையாயவை மூஸா (அலை) அவர்களின் பெயரால் வழங்கும் ஐந்து நூல்கள். அவற்றையே தோரா என்கிறார்கள். எழுதப்பட்ட இவ்வேதத்தோடு, வாய்மொழியாக வந்த சட்ட விளக்கங்களும் உண்டு. அவை கி.பி. 200ஐ ஒட்டி மிஷ்னா என்னும் நூலாகத் தொகுக்கப்பட்டன. மிஷ்னாவின் மீது பல நூறு ஆண்டுகள் நடந்த விவாதங்களின் பெருந்திரட்டு தல்மூத் ஆகும். ஒரு சட்டத்தைத் தெரிந்துகொள்ள விரும்புபவர் இந்தக் கடலில் இறங்கி முத்தெடுக்க வேண்டியிருந்தது. சந்தையில் கடை வைத்திருக்கும் ஒருவருக்கோ, பிள்ளைகளோடு அல்லல்படும் ஒரு தாய்க்கோ அது கூடுகிற காரியமா?

மறைவில் தொழுதவர்கள்

1148ஆம் ஆண்டு முவஹ்ஹிதூன்கள் என்னும் அரசர்களின் ஆட்சி குர்துபாவுக்கு வந்தது. வற்புறுத்தி மதம் மாற்றுவதற்கு நம் மார்க்கத்தில் இடமில்லை. இருந்தும் இவ்வரசர்கள் யூதர்களையும் கிறிஸ்தவர்களையும், ஒன்று இஸ்லாத்தை ஏற்க வேண்டும், அல்லது நாட்டை விட்டுப் போக வேண்டும் என்ற நிலைக்குத் தள்ளினர். இது வரலாறு. மறைப்பதற்கில்லை.

மைமூனின் குடும்பம் ஊர் ஊராக அலைந்து 1160 வாக்கில் மொராக்கோவின் ஃபாஸ் நகரை அடைந்தது. அங்கும் அதே ஆட்சிதான். வெளியில் ஒன்றும் உள்ளத்தில் ஒன்றுமாக வாழ்ந்த யூதர்கள் அங்கே ஏராளம். இப்படி வாழ்பவன் வீட்டுக்குள் இரகசியமாகத் தொழுதால் அத்தொழுகை பயனற்றது, அது பாவமாகவும் ஆகும் என்று யூத அறிஞர் ஒருவர் தீர்ப்புக் கூறிவிட்டார். கேட்டவர்கள் உடைந்து போனார்கள். அப்போது இருபதைச் சற்றே கடந்திருந்த மூஸா அதை மறுத்து ஒரு மடல் எழுதினார். அச்சத்தின் பிடியில் இருப்பவன் மறைவில் செய்யும் சிறு வணக்கத்திற்கும் இறைவனிடம் கூலி உண்டு என்றும், ஆனால் அந்த நிலையிலேயே தங்கிவிடாமல் வெளிப்படையாக வணங்கக்கூடிய நாட்டிற்குப் புறப்பட்டுவிட வேண்டும் என்றும் அதில் எடுத்துரைத்தார்.

எழுதியவரே அவ்வாறு செய்தார். 1165ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் குடும்பம் கப்பலேறியது. நடுக்கடலில் பெரும் புயல். உயிர் பிழைத்துக் கரையேறிய அந்த நாட்களை நினைவு கொண்டு ஆண்டுதோறும் நோன்பு நோற்பதாக அவர் நேர்ச்சை செய்துகொண்டார். மே மாதம் பாலஸ்தீனத்தின் அக்கா துறைமுகத்தை அடைந்தனர். அப்போது பைத்துல் முகத்தஸ் சிலுவைப் போர்வீரர்களின் கையில் இருந்தது. ஆபத்தைப் பொருட்படுத்தாமல் அங்கே சென்று தொழுதார். பின் இப்ராஹீம் (அலை) அவர்கள் அடங்கியிருக்கும் ஹெப்ரோனுக்கும் சென்று வந்தார். அதன் பிறகு குடும்பம் எகிப்துக்குச் சென்று, கெய்ரோவை அடுத்த பழைய நகரமாகிய ஃபுஸ்தாத்தில் குடியேறியது.

ஃபாஸ் நகரில் இவரும் வெளித்தோற்றத்தில் முஸ்லிமாக வாழ்ந்தார் என்று வரலாற்றாசிரியர் இப்னுல் கிஃப்தி எழுதியுள்ளார். அதை மறுப்பவர்களும் உண்டு. பிற்காலத்தில் அந்தலுஸிலிருந்து எகிப்துக்கு வந்த ஃபகீஹ் ஒருவர், இவர் இஸ்லாத்தை விட்டுத் திரும்பியவர் என்று வழக்குத் தொடுத்தாராம். அமைச்சர் அல்காழி அல்ஃபாழில் அந்த வழக்கைத் தள்ளிவிட்டார். வற்புறுத்தப்பட்டவனின் இஸ்லாம் ஷரீஅத்தில் செல்லாது என்பதே அவர் சொன்ன காரணம். முவஹ்ஹிதூன்கள் செய்த தவறும் முஸ்லிம்களின் வரலாறுதான். அல்ஃபாழில் அளித்த நீதியும் முஸ்லிம்களின் வரலாறுதான்.

எழுதியதும் சோதிக்கப்பட்டதும்

1168ஆம் ஆண்டு, தம் முப்பதாவது வயதில், மிஷ்னா முழுவதற்கும் அரபியில் ஒரு விளக்கவுரையை மூஸா முடித்தார். இளமையில் தொடங்கி, ஊர் விட்டு ஊர் ஓடியபோதும் கடற்பயணத்திலும் எழுதிய நூல் அது. நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி அரபுத்தமிழ் வளர்த்தது போல, அவரும் அரபு மொழியை எபிரேய எழுத்தில் எழுதினார்.

அந்த விளக்கவுரையில் ஓரிடத்தில் தம் சமகால அறிஞர்களைக் கடுமையாகச் சாடினார். வேதம் கற்றவன் அந்தக் கல்வியைக் காட்டி மக்களிடம் பணம் பெறலாகாது. பழங்காலத்துப் பெரியவர்களில் விறகு வெட்டியவரும் தண்ணீர் சுமந்தவரும் இருந்தார்கள். அவர்கள் எவரும் தம் கல்விக்காகக் கை நீட்டவில்லை. அறிஞன் தன்னிடமுள்ள முதலை ஒரு வணிகரிடம் கொடுத்து, அவர் வியாபாரம் செய்து தரும் இலாபத்தில் வாழலாம். அதற்கு மேல் ஆகாது. இதுவே அவர் கொண்ட நிலை. இதனால் பெரியவர்கள் பலர் மனம் கோணுவார்கள் என்று அறிந்தே எழுதினார்.

அவர் வாழ்ந்ததும் அவ்வாறே. தம்பி தாவூது இரத்தினக் கற்களின் வணிகர். அண்ணனின் பணமும் அவர் வியாபாரத்தில் இருந்தது. தம்பி பொருள் ஈட்டினார். அண்ணன் கவலையின்றி நூல் எழுதினார்.

ஒரு முறை தாவூது நைல் நதிக் கரையிலிருந்து பாலைவனம் கடந்து செங்கடலின் ஐதாப் துறைமுகத்திற்குப் போனார். அங்கே எதிர்பார்த்த சரக்கு எதுவும் இல்லை. எனவே கப்பலேறி இந்தியாவுக்கே போய்வருவது என்று துணிந்தார். வழியில் கூட்டத்தைப் பிரிந்து தனியே பாலையைக் கடந்ததையும், இறைவன் காத்ததையும், வீட்டார் கலங்க வேண்டாம் என்பதையும் எழுதி அண்ணனுக்கு ஒரு கடிதம் விடுத்தார். அந்தக் கடிதம் இன்றும் இருக்கிறது. இறைவனின் பெயர் எழுதப்பட்ட தாளைக் குப்பையில் எறியலாகாது என்பது யூதர்களின் பேணுதல். அதனால் ஃபுஸ்தாத் தொழுகைக்கூடத்தின் ஓர் அறையில் பழைய தாள்களையெல்லாம் போட்டு வைத்தார்கள். பல நூற்றாண்டுகள் அங்கே கிடந்த தாள்களில் பெரும்பகுதி 1897ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டு செல்லப்பட்டது. தாவூதின் கடிதம் அவற்றுள் ஒன்று. மூஸாவின் சொந்தக் கையெழுத்தில் உள்ள பல பக்கங்களும் அங்கே கிடைத்தன.

தாவூது இந்தியாவை அடையவில்லை. இந்துமாக்கடல் அவரைக் கொண்டுவிட்டது. அவரோடு அண்ணனின் முதலும் பிறர் நம்பிக் கொடுத்த பணமும் மூழ்கின. தம்பியின் மனைவியும் சின்னஞ்சிறு மகளும் மூஸாவின் பொறுப்பில் வந்து நின்றார்கள். மூஸா காய்ச்சலும் கட்டியுமாக ஏறத்தாழ ஓராண்டு காலம் படுத்த படுக்கையானார். தம்பியை அவரே மடியில் வைத்து வளர்த்தவர். அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். எட்டு ஆண்டுகள் கழிந்த பின்னும், தம்பியின் கையெழுத்துள்ள ஏடு எதையேனும் காண நேர்ந்தால் துக்கம் மீண்டும் கிளர்ந்து வருவதாக நண்பர் ஒருவருக்கு எழுதினார்.

அவர் முன்பு எழுதியது சோதிக்கப்பட்ட வேளை இது. அவருடைய புகழ் அப்போதே நாடு கடந்து பரவியிருந்தது. சிலுவைப் படை பில்பைஸ் நகரைத் தாக்கி மக்களைச் சிறைப்பிடித்துச் சென்றபோது, அவர்களை மீட்கப் பணம் திரட்டி ஊர்தோறும் மடல் அனுப்பியவர் அவர். எகிப்து யூதர்களின் தலைமைப் பொறுப்பும் அவரிடம் வந்திருந்தது. கை நீட்டியிருந்தால் காணிக்கை குவிந்திருக்கும். எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் இளமையில் கற்ற மருத்துவத்தைத் தொழிலாகக் கொண்டார். நோயாளியிடம் கூலி பெற்றார். வேதத்திற்குக் கூலி பெறவில்லை.

பதினான்கு நூல்கள்

இந்தத் துயரத்தையும் உள்ளடக்கிய பத்தாண்டுகளில்தான் அவருடைய பெருநூல் உருவாயிற்று. 1178 வாக்கில் முடிந்த அதன் பெயர் மிஷ்னே தோரா. தல்மூத் என்னும் கடலில் சிதறிக் கிடந்த சட்டங்கள் அனைத்தையும் திரட்டி, பொருள்வாரியாகப் பிரித்து, 14 நூல்களாக எளிய எபிரேய மொழியில் தந்தார். ஏறக்குறைய 1000 அத்தியாயங்கள். விவாதங்களை விட்டுவிட்டு முடிவை மட்டும் சொன்னார். சிறியவரும் பெரியவரும் தம் கடமையைத் தாமே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே நோக்கம். ஆதாரங்களைக் காட்டவில்லை என்று அறிஞர்கள் சிலர் சீறினார்கள். பிரான்சு நாட்டின் ஆபிரகாம் பென் தாவீது வரிக்கு வரி மறுப்பு எழுதினார். ஆயினும் நூல் நிலைத்துவிட்டது.

பதினான்கில் இரண்டாவது நூலுக்கு அன்பு என்று பெயர் வைத்தார். இறைவனை இடைவிடாது நினைவூட்டும் அன்றாட அமல்கள் அதில் வருகின்றன. அவற்றைக் கேளுங்கள்.

காலையிலும் மாலையிலும் ஷெமா எனப்படும் வேதப் பகுதிகளை ஓத வேண்டும். இறைவன் ஒருவனே என்ற அறிக்கையோடு அது தொடங்குகிறது. தொழுகை நாளொன்றுக்கு மூன்று வேளை: காலை, பிற்பகல், இரவு. சனிக்கிழமை ஓய்வு நாளில் நான்கு. பாவமன்னிப்புப் பெருநாளில் ஐந்து. கூட்டுத் தொழுகைக்குப் பருவமடைந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். உண்ணும்போதும் பருகும்போதும் நறுமணம் நுகரும்போதும் இறைவனைப் புகழ வேண்டும். இவ்வாறு ஒரு நாளில் நூறு புகழுரைகளாவது நாவில் வர வேண்டும்.

தொழுகையில் எட்டுக் காரியங்களைப் பேணும்படி அவர் வகுத்தார். நிற்பது, பைத்துல் முகத்தஸை முன்னோக்குவது, உடலைச் சீராக வைப்பது, உடை, இடம், குரல், குனிவது, நெற்றி நிலத்தில் பட விழுவது. பார்வையைத் தாழ்த்தி, வலக் கையை இடக் கையின் மேல் வைத்து நெஞ்சில் கட்டி, எசமானின் முன் அடிமை நிற்பது போல நிற்க வேண்டும். ஓதுவது தன் காதுக்குக் கேட்க வேண்டும், உரத்துக் கத்தலாகாது. அதிகாலைத் தொழுகைக்கு முன் முகத்தையும் கைகளையும் கால்களையும் கழுவ வேண்டும். வாசகர்களே, இவற்றை வாசிக்கும்போது நமக்கு அந்நியமாகத் தோன்றுகிறதா?

எல்லாவற்றிற்கும் மேலாக, உள்ளம் ஒன்றாத தொழுகை தொழுகையே அல்ல என்றார். பயணத்தால் களைத்து, மனம் குழம்பி வந்தவன் தெளியும் வரை பொறுத்திருக்கட்டும் என்றார். தொழுகையின் வாசகங்கள் ஏன் நிலையாக வகுக்கப்பட்டன என்பதற்கும் ஒரு காரணம் கூறினார். தொடக்கத்தில் ஒவ்வொருவரும் தமக்கு வந்த சொற்களில் வேண்டினார்கள். பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்ட பின் பிள்ளைகள் பல மொழிகளைக் கலந்து பேசத் தொடங்கினர். எந்த மொழியிலும் நிறைவாகத் தங்கள் தேவையை எடுத்துரைக்க முடியாமல் திணறினர். அவர்களுக்காகவே உஸைர் அவர்களும் அவர்களுடைய சபையாரும் வாசகங்களை வகுத்துக் கொடுத்தார்கள் என்பது அவர் தரும் விளக்கம்.

வேதச் சுருளை எழுதும் சட்டங்களும் இதே நூலில் உண்டு. ஹலாலான பிராணியின் தோலில், கோடிட்டு, கறுப்பு மையால் கையால் எழுத வேண்டும். மனப்பாடமாக எழுதலாகாது, பார்த்தே எழுத வேண்டும். ஓரெழுத்து குறைந்தாலும் அச்சுருள் ஓதுவதற்கு ஆகாது. ஒவ்வோர் ஆணும் தனக்கென ஒரு சுருள் எழுதுவது கடமை என்பதால் அவரும் தம் கையால் ஒன்று எழுதினார். அதற்கு மூலமாக அவர் கொண்டது, முன்பு பைத்துல் முகத்தஸில் இருந்து பின் எகிப்துக்கு வந்த, பென் அஷேர் என்னும் அறிஞர் பலமுறை சரிபார்த்த பழம்பிரதி. அப்பிரதி பின்னர் ஸிரியாவின் ஹலப் நகருக்குச் சென்றது. 1947ஆம் ஆண்டுக் கலவரத்திற்குப் பின் அதன் ஒரு பகுதி காணாமல் போயிற்று. எஞ்சியது இப்போது ஜெருசலேமில் இருக்கிறது.

கதவு நிலையும் தாயத்தும்

யூதர் ஒருவரின் வீட்டுக்குள் நுழைந்தால் வலப்பக்கக் கதவு நிலையில் சிறு குழல் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதனுள் சுருட்டி வைத்த தோல் துண்டில் ஷெமாவின் இரண்டு பகுதிகள் எழுதப்பட்டிருக்கும். இதற்கு மெஸூஸா என்று பெயர். வீட்டினுள் வரும்போதும் வெளியே போகும்போதும் இறைவன் ஒருவன் என்பது நினைவுக்கு வர வேண்டும் என்பதே அதன் கருத்து.

அந்தக் காலத்தில் சிலர் அந்தத் தோலில் வேத வாசகத்தோடு மலக்குகளின் பெயர்களையும் முத்திரைகளையும் எழுதி வைத்தார்கள். பேய் பிசாசு அண்டாது, பொருள் பெருகும் என்பது அவர்களின் நம்பிக்கை. மூஸா இதைக் கண்டு கொதித்தார். இறைவனின் ஏகத்துவத்தை அறிவிக்கும் ஓர் உயர்ந்த கட்டளையைத் தங்கள் சொந்த நலத்துக்கான தாயத்தாக ஆக்கிவிட்டார்கள் என்றும், அவ்வாறு செய்தவர்களுக்கு மறுமையில் பங்கில்லை என்றும் எழுதினார். காயத்தின் மீது வேத வசனத்தை முணுமுணுத்து ஊதுவதையும் அவர் தடுத்தார். வேதம் உயிருக்கு மருந்து. அதை உடலுக்கு மருந்தாக்கலாகாது என்பது அந்த மருத்துவரின் தீர்ப்பு. நட்சத்திரம் பார்த்துப் பலன் சொல்வதையும் பிரான்சு நாட்டு அறிஞர்களுக்கு எழுதிய மடலில் முற்றாக மறுத்தார்.

கவனித்தால், வேதத்திற்குக் கூலி பெறாததும் வேதத்தைத் தாயத்தாக்க விடாததும் ஒரே கொள்கையின் இரண்டு கிளைகள் என்பது புரியும். இறைவனுக்கு உரியதைத் தன் இலாபத்திற்குத் திருப்பாதே என்பதுதான் அந்தக் கொள்கை.

ஃபுஸ்தாத்தின் தொழுகை

ஃபுஸ்தாத்தில் யூதர்களுக்கு இரண்டு பெரிய தொழுகைக்கூடங்கள் இருந்தன. ஒன்று ஈராக் மரபினருடையது. மற்றது ஷாம் மரபினருடையது. ஈராக்கியர் தவ்ராத்தை ஓராண்டில் ஓதி முடிப்பார்கள். ஷாமியரோ மூன்று ஆண்டுகளில் முடிப்பார்கள். ஒரே ஊரில், ஒரே வேதத்தைக் கொண்டு, இரு வேறு இடங்களில் ஓதினார்கள். ஓராண்டு முறையே பரவலானது என்று மூஸா எழுதியும் ஷாமியர் தங்கள் வழக்கத்தை விடவில்லை.

அவர் செய்து காட்டிய ஒரு திருத்தம் வேறு. யூதர்களின் கூட்டுத் தொழுகையில் முதலில் ஒவ்வொருவரும் மெதுவாகத் தாமே தொழுவார்கள். பிறகு தொழுகை நடத்துபவர், ஓதத் தெரியாதவர்களுக்காக அதையே உரத்து மீண்டும் ஓதுவார். கற்றவர்கள் தங்கள் தொழுகை முடிந்துவிட்டது என்று இந்த இரண்டாவது முறையில் பேசத் தொடங்கினார்கள், இருமினார்கள், துப்பினார்கள், முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். அதைப் பார்த்துக் கல்லாதவர்களும் அப்படியே செய்தார்கள். முடிவில் எவருடைய தொழுகையும் நிறைவேறவில்லை. அண்டை அயலிலுள்ள முஸ்லிம்கள் இதைக் கண்டால் என்ன நினைப்பார்கள் என்று மூஸா வெட்கினார். மெதுவாகத் தொழுவதை விட்டுவிட்டு, நடத்துபவரோடு சேர்ந்து எல்லோரும் ஒரே தொழுகையாகத் தொழுதுவிட வேண்டும் என்று தீர்ப்பளித்தார். பழைய வழக்கத்தை மாற்றுவது எளிதன்று. ஆயினும் எகிப்தில் அது ஏறத்தாழ 300 ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. பதினாறாம் நூற்றாண்டில்தான் வேறோர் அறிஞர் பழைய முறையைத் திரும்பக் கொண்டு வந்தார்.

யூத மார்க்கத்தைத் தழுவிய ஒபதியா என்பவர் அவரிடம் ஒரு சந்தேகம் கேட்டார். தொழுகையில் எங்கள் மூதாதையரின் இறைவனே என்று வருகிறது; வேற்று வம்சத்தவனான நான் அதைச் சொல்லலாமா என்பது கேள்வி. தாராளமாகச் சொல்லலாம், இறைவன் ஒருவன் என்பதை மக்களுக்குக் கற்பித்த இப்ராஹீம் (அலை) அவர்களே அவ்வழியில் வருவோர் அனைவருக்கும் தந்தை என்று மூஸா பதில் எழுதினார். முஸ்லிம்கள் சிலை வணங்கிகள் அல்லர் என்று இதே ஒபதியா கூற, அவருடைய ஆசிரியர் அவரை இழிவாகப் பேசிவிட்டார். அந்த ஆசிரியரைக் கண்டித்து, முஸ்லிம்கள் இறைவனைக் குறையின்றி ஒருமைப்படுத்துகிறார்கள் என்று மூஸா உறுதிப்படுத்தினார். யமன் நாட்டு யூதர்களுக்கு 1172ஆம் ஆண்டு எழுதிய மடல் முதலானவற்றில், நம் மார்க்கத்தைப் பற்றி நம்மால் ஒப்ப முடியாத சொற்களும் அவரிடம் உண்டு. இரண்டையும் சொல்வதே நேர்மை.

ஒரு நாள் பொழுது

1190 வாக்கில் தலாலத்துல் ஹாயிரீன் என்னும் தத்துவ நூலை அரபியில் எழுதி முடித்தார். வேதத்திற்கும் அறிவாராய்ச்சிக்கும் இடையே தடுமாறும் மாணவனுக்கு வழிகாட்டும் நூல் அது. ஆஸ்துமா, மூலம், விஷக்கடி, உடல்நலம் பேணுதல் ஆகியவை பற்றிய மருத்துவ நூல்களும் அரபியில் எழுதினார்.

1199ஆம் ஆண்டு, அந்நூலை எபிரேயத்தில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த ஒருவர் தம்மைக் காண வர விரும்பியபோது, தம் நாளொன்று எப்படிக் கழிகிறது என்பதை அவருக்கு விவரித்தார். அவர் குடியிருந்தது ஃபுஸ்தாத்தில்; அரண்மனை கெய்ரோவில். நாள்தோறும் அதிகாலையில் அங்கே போக வேண்டும். அரண்மனையில் யாருக்கேனும் சுகமில்லை என்றால் பகல் முழுவதும் அங்கேதான். ஒன்றுமில்லாத நாளிலும் வீடு திரும்பப் பிற்பகல் ஆகிவிடும். பசியால் சோர்ந்து வரும்போது வீட்டுக் கூடம் நிறைய நோயாளிகள் காத்திருப்பார்கள். முஸ்லிம்கள், யூதர்கள், பெரிய மனிதர், எளியவர், நண்பர், பகைவர் எல்லோரும் இருப்பார்கள். வாகனத்திலிருந்து இறங்கிக் கை கழுவி, சற்றுப் பொறுக்கும்படி அவர்களிடம் வேண்டிக்கொண்டு, நாளின் ஒரே உணவைச் சிறிது உண்பார். பிறகு இரவு வரை வைத்தியம். களைப்பு மிகுந்து படுத்தபடியே பேச வேண்டியிருக்கும். சனிக்கிழமை காலைத் தொழுகைக்குப் பிறகுதான் சமுதாயத்தார் கூடிப் பாடம் கேட்க முடியும்.

கூலி பெறாத கல்விக்கு அவர் கொடுத்த விலை இது. அவரைக் கெய்ரோவில் சந்தித்த முஸ்லிம் அறிஞர் அப்துல் லத்தீஃப் அல்பக்தாதி, அவருடைய கல்வியைப் பாராட்டிவிட்டு, தலைமை விருப்பமும் உலகத் தலைவர்களுக்குச் செய்யும் ஊழியமும் அவரை ஆட்கொண்டிருப்பதாகக் குறை கூறியிருக்கிறார். மனிதரில் குறையற்றவர் யார்?

1204ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள், ஹிஜ்ரி 601இல், அவர் மறைந்தார். உடல் பாலஸ்தீனத்தின் தபரிய்யா நகரில் அடக்கம் செய்யப்பட்டது. அப்போது 18 வயதான அவருடைய மகன் இப்ராஹீம் தந்தையின் இடத்திற்கு வந்தார். அவரும் மருத்துவர், கெய்ரோவின் மருத்துவமனையில் பணியாற்றினார். முஸ்லிம் சூஃபிகளின் பேணுதலைக் கண்டு வியந்து, நபிமார்களின் பழைய வழக்கங்களை அவர்கள் காத்து வைத்திருக்கிறார்கள் என்றே எழுதினார். தொழுகைக்கு முன் கால் கழுவுதல், வரிசையாக அமர்தல், முழந்தாளிட்டு ஸஜ்தா செய்தல் ஆகியவற்றைத் தம் மக்களிடையே மீண்டும் கொண்டுவர முயன்றார். அவர்களுள் சிலர் அவர் மீது ஆட்சியாளரிடமே புகார் செய்தார்கள். 1237ஆம் ஆண்டு அவரும் மறைந்தார்.

நாம் எடுத்துக்கொள்வது

மூஸா இப்னு மைமூனின் கண்டிப்பைப் பின்வந்த யூத அறிஞர் பலர் ஏற்கவில்லை. கற்பிப்பவன் வயிற்றுக்கு அலைந்தால் கல்வியே அழிந்துவிடும் என்று பதினாறாம் நூற்றாண்டின் யூசுஃப் காரோ வாதிட்டார். நம் ஹனஃபீ மத்ஹபிலும் முற்காலத்தார் குர்ஆன் கற்பிக்கக் கூலி பெறுவதைத் தடுத்தார்கள். பிற்காலத்தார் இதே அச்சத்தால்தான் அனுமதித்தார்கள். இதை எழுதும் நானும் மதரஸாவில் மாதச் சம்பளம் பெறுபவன்தான். ஆகவே அவரைப் புகழ்ந்து எழுதும்போது பேனா சற்றுத் தயங்கவே செய்கிறது.

என்றாலும் அனுமதி வேறு, ஆசை வேறு. கற்பிப்பதற்காகச் சம்பளம் பெறுகிறோமா, சம்பளத்திற்காகக் கற்பிக்கிறோமா என்று ஒவ்வோர் ஆலிமும் இரவில் தன்னையே கேட்டுக்கொள்ளலாம். வாசலில் தொங்கும் ஆயத்து இறைவனை நினைப்பதற்கா, கண்ணேறு கழிவதற்கா என்று ஒவ்வொரு குடும்பத்தலைவரும் கேட்டுக்கொள்ளலாம். பள்ளிவாசலில் தம் தொழுகை முடிந்ததும், பின்னால் தொழுதுகொண்டிருப்பவரை மறந்து பேச்சைத் தொடங்குகிறவரும் ஃபுஸ்தாத்தின் அந்தத் தொழுகைக்கூடத்தை ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம்.

இறைவனுக்கு உரியதை இறைவனுக்கே செய்யும் உள்ளத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.